இரண்டு மணி டூட்டி

இடைவேளை முடிந்ததும் எண்ணினேன், பழக்கதோஷம்.
ஒன்பது பேர். அதில் நாங்கள் நாலு.
தஸ்லீமாவின் புருஷன் அக்பர் தூங்கிக்கொண்டிருந்தான்,
அவனைச் சேர்ப்பதா என்று தெரியவில்லை.

செவ்வந்திநாதனின் பதினாலாவது படம்.
வெள்ளிக்கிழமை வந்தது.
ஞாயிறு இரவுக்காட்சியோடு தூக்குகிறார்கள்.
நாளை முதல் அதே திரையில் பேய்.

காட்பாடி மேம்பாலத்தடியில்
ரயிலைத் தவறவிட்டவர்களை நம்பித் திறந்திருக்கும் டீக்கடை.
ஒரு மணிக்கும் மலைப்பாறைகள்
பகலில் வாங்கிய சூட்டைத் திருப்பிக்கொண்டிருந்தன,
வட்டியோடு.

"எழுவத்தாறு வயசுல இன்னாத்துக்கு இந்தாளுக்குப் படம்?"
ஏகாம்பரம் இதைப் பதினோராவது படத்திலிருந்து சொல்லிவருகிறார்,
ஒவ்வொரு முறையும் எங்களுக்கு முன்னால் டிக்கெட் வாங்கிவிட்டு.
"அப்பல்லாம் கேமரா ஓடும்யா.
ரவுடி ஓடுனா கூடவே ஓடும், பால்காரன் ஓடுனா கூடவே ஓடும்.
இப்ப வாசப்படியிலயே நின்னுகினு கீது.
உள்ள ஒரு பொம்பள அழுவுறா,
போய் இன்னான்னு கேக்கமாட்டியா?"

ரூபேஷ் இதற்குத்தான் காத்திருந்தான்.
கைப்பேசியில் ஓர் ஓவியம். டச்சுக்காரன் வரைந்ததாம்.
கதவு, கதவுக்குள் கதவு,
கடைசியில் ஜன்னலடியில் ஒரு பெண்ணின் முதுகு.
"நடுவுல ஆறு மாசம் வெளிநாட்டுல இருந்தாரில்ல,
அங்க புடிச்சதுதான் இது."
ஏகாம்பரம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.
"வீட்டப் பெருக்குறா.
இதுக்கு அவ்ளோ தூரம் போவணுமா?"

தஸ்லீமா ராணிப்பேட்டையில் தோல் பார்க்கிறவள்.
நாளெல்லாம் தோலை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து
வடு தேடும் வேலை.
ஓவியத்தையும் அப்படியே சாய்த்தாள்.
"இதுல வெளிச்சம் இடப்பக்கத்துலேர்ந்து வருது.
அவரு படத்துல முதுவுக்குப் பின்னால.
பாக்கறவன் நெழலு உள்ள வுழுது, கவனிச்சீங்களா?
மூணு படமா வுழுது.
தப்புன்னா ஒருவாட்டிதான் நடக்கும்."

நான் கவனித்திருந்தேன்.
டீ ஆறிப்போச்சு, இன்னொன்று போடுங்க என்றேன்.

அக்பர் கொட்டாவியை முடித்துவிட்டுக் கேட்டான்:
"ட்ராலி ஒரு நாள் வாடக எவ்ளோன்னு தெரியுமா?
துட்டு இல்லன்னா கேமரா எப்டி நவுரும்?"
சட்டென்று எல்லாரும் அமைதியானோம்.
பிறகு ரூபேஷ், "நீ தூங்கினியேடா."
"தூங்கறதுக்கு முன்ன பாத்தேன்."

எனக்கு எங்கே வேலை என்று இவர்களுக்குத் தெரியாது.
கவர்ன்மெண்ட் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.
பி.டபிள்யூ.டி.யா என்று ஒருநாள் ஏகாம்பரம் கேட்டார்,
தலையாட்டி வைத்தேன்.

பாலாற்றுப் பாலத்தில் என் வண்டி மட்டும்.
கீழே தண்ணீர் போய் ரொம்ப நாள், இப்போது மணலும் போயிற்று.
தொரப்பாடியில் மதில் விளக்குகளின் மஞ்சள்.
கடைசி நாலு படமும் இந்த மஞ்சள்தான்.
இதையும் நான் சொன்னதில்லை.

தொப்பி, டார்ச், பதிவேடு, கையெழுத்து.
வராந்தா பல்பு எனக்குப் பின்னால்.
என் நிழல் கம்பிகளின் நிழலோடு உள்ளே நுழைந்து
தூங்குகிறவர்கள் மேல் படுக்கிறது.
எண்ணுவதற்கு உள்ளே போகக்கூடாது.
அழுதாலும் போகக்கூடாது.
ஆஸ்பத்திரி கேஸ் என்றால் மட்டும்
மேலே ஆளை எழுப்பி, சாவி வாங்கி.

இந்த உயரம், இந்தத் தூரம்,
இந்த நாற்பது நொடி.
செவ்வந்திநாதன் எங்கிருந்து எடுத்தாரோ.
எங்கோ ஒரு கதவில்
யாரையோ எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார்.

கடைசி அறையில் பதினோரு பேர் தூக்கம்.
பன்னிரண்டாவது ஆள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்,
என்னையே பார்த்து.

பதினாலு படத்திலும் இந்த ஷாட் இல்லை,
உள்ளேயிருந்து கதவைப் பார்ப்பது.

கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தான்.
"இன்னா சார், யாரயாச்சும் காணமா?"

டார்ச்சை அணைத்தேன்.
பதிவேட்டில் பன்னிரண்டு.
அவன் கணக்கில் ஒன்று.