குதிரை நாழிகை

செவ்வாய் ஆகாது என்றாராம் லாமா.
கத்திக்கும் அந்தக் கிழமைக்கும் ஆகவே ஆகாதாம்.
வியாழன், குதிரை நாழிகை,
பதினொன்று நாற்பதுக்கு மேல்
வயிற்றைத் திறக்கலாமாம்.

கைபேசியை இன்னும் காதிலிருந்து எடுக்காமல்
செர்மா இதைச் சொன்னபோது
அறுவைப் பட்டியல் என் மடியில் கிடந்தது.
பித்தப்பைக்காரியைக் கேட்டேன்.
அவளுக்கு எந்தக் கிழமையும் சம்மதம்,
வலி நின்றால் போதும்.
பெயர்களை அம்புக்குறி போட்டு மாற்றினேன்.
தலையில் அடித்துக்கொண்டார் சரங்கெரெல்:
"எங்கே கீறுவது என்றும் அவரையே கேட்டுவிடு."

உலான்பாத்தரில் பதினெட்டுக் குளிர்காலமாக
நான் ஆட்களைத் தூங்கவைத்து எழுப்புகிறேன்.
சம்மதப் படிவத்தில் ஒவ்வாமைக்குக் கட்டம் உண்டு,
பல்செட்டுக்கு உண்டு.
லாமாவுக்கு இல்லை.

தஷ்ன்யாமின் ஈரலில் ஆரஞ்சுப் பழ அளவு கட்டி,
ஆட்டுக்குக் காவலிருந்த நாய் தந்தது.
உள்ளே இருப்பது சுனைநீர்போலத் தெளிந்த நீர்.
ஒரு சொட்டு சிந்தினால்
உடம்பு தன்மேலேயே பாயும்.

புதன் இரவு வார்டில் வாசனை.
தலையணைக்கடியில் ஒரு கைப்பிடி ஜூனிபர் இலை.
"பற்றவைக்கக் கூடாது, பக்கத்தில் ஆக்சிஜன்" என்றேன்.
"பற்றவைக்கவில்லையே" என்றாள் செர்மா,
"சும்மா இருக்கிறது."
சும்மா இருக்கட்டும் என்று விட்டேன்.

வியாழன். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உறைபனி பூத்த சன்னலில் உள்ளங்கையளவு தெளிவு,
அதில் வண்டிகள் நிற்குமிடம்.
செர்மா பால் வாளியோடு நிற்கிறாள்.
ஒன்பது குழி மரக்கரண்டியால்
வானத்துக்கு வீசுகிறாள்.
பால் மேலே போகும்போது பால்,
கீழே வரும்போது கல்.

உப்புநீரில் நனைத்த துணிகளை
ஈரலைச் சுற்றி அடுக்கினார் சரங்கெரெல்,
குழந்தைக்குத் தொட்டில் கட்டுவதுபோல.
அப்படியும் சிந்தியது.
எண்பது.
ஐம்பத்திரண்டு.
பிறகு இயந்திரம் எண் சொல்லவில்லை.

நான் பிரார்த்திக்கவில்லை. கணக்குப் போட்டேன்:
எத்தனை கிலோ, எத்தனை மைக்ரோகிராம்,
எத்தனை மில்லி உப்புநீர்.
ஊசியை அழுத்தினேன்.
அழுத்தியதற்கும் இதயம் கேட்பதற்கும் நடுவே
ஓர் இடைவெளி உண்டு.
பாடப்புத்தகம் அதை நொடிகளில் சொல்லும்,
அதற்குள் என்ன செய்வது என்று சொல்லாது.
கணக்கு தீர்ந்திருந்தது. கை காலியாக இருந்தது.
அங்கே என்ன செய்தேன் என்று
எனக்கு நிஜமாகவே நினைவில்லை.
என் உதடு அசைந்தது என்கிறாள் செவிலி போலர்மா.
முகக்கவசத்துக்குள் அவள் எப்படிப் பார்த்தாளாம்?

பன்னிரண்டு இருபத்துமூன்று: எழுபது. தொண்ணூறு.
எழுதி வைத்தேன்.

நடைவழியில் செர்மா நேரத்தைக் கேட்டாள். சொன்னேன்.
"அப்போது பால் தீர்ந்துவிட்டது," என்றாள்,
"ஃபிளாஸ்க்கில் இருந்த உப்புத்தேநீரை வீசினேன்.
குற்றமாகுமா?"
என்னிடம் கேட்கிறாள்!
"நாங்களும் உப்புத்தான்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"நீங்கள் கொடுத்தது எது, அதன் பெயர்?"
"அட்ரினலின்."
அட். ரின. லின்.
புதிதாக வந்த மருமகளின் பெயரைப்போல
வாயில் போட்டுப் பார்த்தாள்.

வெள்ளி காலை, பணி முடிந்து கீழே வந்தேன்.
ஆம்புலன்ஸ் ஓட்டுநர் திட்டிக்கொண்டிருந்தார்,
கண்ணாடியெல்லாம் பால்.
செர்மா காதில் வாங்காமல் வீசினாள்,
வானத்துக்கு ஒரு கரண்டி,
அவர்கள் ஊர் மலைக்கு ஒன்று,
பெயர் சொல்லக்கூடாத இன்னொரு மலைக்கு
வாய் திறக்காமல் ஒன்று.
அப்புறம் கொஞ்சம் தடுமாறி,
எழுத்துக் கூட்டி,
அட்ரினலினுக்கு ஒன்று.

என் காரின் முகப்பிலும் தெறித்திருந்தது.
துடைப்பானைப் போட்டேன்.
போகவில்லை.