அகலத் தெரு

பதினெட்டு மாடு பூட்டிய கம்பளிப்பொதி வண்டி
ஒரே வீச்சில் திரும்பட்டும் என்று
சிட்னியிலிருந்து வந்த சர்வேயர்
சங்கிலி போட்டு அளந்தான்.
ரயில் வரும் என்றும் சொன்னான்.
அது நாற்பது மைல் தள்ளிப் போனது.

இன்றைக்கு
தபால் நிலையத்திலிருந்து மதுவிடுதிக்கு
ஈனிட் கியோ தெருவைக் கடப்பதற்குள்
கையிலிருக்கும் கடிதத்தில் என்னவென்று
எதிர்ச்சாரிக்குத் தெரிந்துவிடுகிறது.

போர்த்தூணில் பதினொரு பெயர்.
ஷுல்ட்ஸ் மட்டும் பிறகு செதுக்கியது:
அவன் அப்பனை அப்போது
முள்வேலிக்குள் வைத்திருந்தார்கள்,
ஜெர்மன்காரன் என்று.

சங்கிலி வருமுன்பே
பூர்வகுடிகள் அழைத்த பெயர் ஒன்று உண்டு.
அதில் தண்ணீர் இருந்தது.
கேட்டவன் பிழையாக எழுதிக்கொண்டான்.
அந்தப் பிழைதான் ஊர்ப்பலகையில்.

வறட்சிக்கு இது ஏழாம் வருஷம்.
நடுத்தெருவில் படுத்திருக்கும் நாய்
லாரிக்கு எழுந்திருப்பதில்லை.
லாரிதான்
சுற்றிப் போகிறது.
இடம்தான் இருக்கிறதே.