எட்டாவது சுமை

நெற்றியில் தோல்வார். முதுகில் வெடிமருந்து,
அதன்மேல் செப்புப் பானைகள் கட்டிய மூட்டை.
அருவியைச் சுற்றிப்போகும் இந்தப் பாதைக்கு
மைல் கணக்குக் கிடையாது.
பதினாறு முறை இறக்கிவைத்தால் ஏரி.

ஒனேசிம் குதிகால் சேற்றில் விட்ட குழியில்
என் குதிகால்.

ஏழு நடை முடிந்தது.
மாண்ட்ரியல் குமாஸ்தா சேற்றைப் பார்த்தார்,
பூட்ஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

ஏற்றிக்கொண்டேன்.

மழையில் ஊறிய அவர் தொப்பி
என் பிடரியில் சொட்டியது. தெரிந்த வாடைதான்:
பீவர்.
எந்த வருஷமோ, இதே சேற்றில்,
எதிர்த்திசையில் நான் சுமந்த தோலாக இருக்கலாம்.
அன்றும் என் முதுகு, இன்றும் என் முதுகு;
நடுவில் லண்டன் பார்த்துவந்த பவுசு அதற்கு.

“கனமா?” என்றான் ஒனேசிம், திரும்பாமல்.

“தொப்பி கனமில்லை.”

கொசு ஒன்று இமையில் உட்கார்ந்தது.
என் இரண்டு கையும் குமாஸ்தாவின் தொடையில்.