பத்தாவது பொட்டலம்

பத்து இடத்தில் தோண்டி ஒன்றாய்க் கலந்து
ஒரு பிடி அனுப்பச் சொல்லியிருந்தோம்.
தோர்சிலா அபுயா பத்துப் பொட்டலம் அனுப்பினாள்,
சோளமாவு வந்த காகிதத்தில், கலக்காமல்,
ஒரு மாதிரிக்கான கட்டணத்தோடு.

"கொட்டிக் கலந்துவிடு" என்றார் ஒயூகி.
வெள்ளிக்கிழமை. கிசுமுவில் மழை.
அதிசயமாய் மின்சாரம் இருந்தது.
ஏனோ கலக்கவில்லை நான்.

செம்மண். இடித்துச் சலித்தால்
விரல் ரேகைக்குள் புகுந்து ஞாயிறுவரை போகாது.
இரண்டரை கிராம். சோடா உப்புக் கரைசல்,
காரம் எட்டரை. அரைமணி நேரக் குலுக்கல்.

மணிச்சத்து இல்லாத மண்ணில்லை இது.
அமிலத்தில் வேகவைத்தால் அத்தனையும் கக்கும்.
சோளத்தின் வேருக்கு அமிலமும் அடுப்பும் ஏது?
இருப்பெல்லாம் இரும்பின் பிடியில்.
எவ்வளவு இருக்கிறது என்று யார் கேட்டார்கள்,
வேர் வந்து வாசலில் நின்றால்
எவ்வளவு தரும்?
அதை அறிய வேரைப்போலக் கேட்க வேண்டும்.
அதட்டினால் பொய்யான எண் வரும்.
முணுமுணுத்தால் ஒன்றும் வராது.

வடித்தேன். மாலிப்டேட் விட்டேன், வைட்டமின் சி விட்டேன்,
காத்திருந்தேன்.
ஒன்று முதல் ஒன்பது வரை
மண்ணே போடாத குழாயின் உடன்பிறப்புகள்;
உற்றுப் பார்த்தால்தான் வேறுபாடு.
பத்தாவது,
பேனா கசிந்த சட்டைப்பையின் நீலம்.

"சோப்பு" என்றார் ஒயூகி.
நடப்பதுதான்: சோப்பில் கழுவிய குடுவையில்
சோப்பின் மணிச்சத்து மண்ணின் பேரில் வரவாகும்.
திங்களன்று அமிலத்தில் அலசிய குடுவை, புது வடிதாள்.
அதே நீலம்.

தொலைபேசினேன். பின்னணியில் கோழிகள்.
பத்தாவது எங்கே எடுத்தது?
"வேலியோரம். மாமனாரின் மாட்டுப்பட்டி இருந்த இடம்.
மாடுகள் போய் முப்பது வருஷம்.
அங்கே சோளம் என் தலைக்கு மேல் நிற்கும்,
அதை நீங்கள் சொல்ல வேண்டாம்.
மற்ற ஒன்பதைச் சொல்லுங்கள்.
கலந்து அனுப்பியிருந்தால்
பரவாயில்லை என்று எழுதியிருப்பீர்கள், இல்லையா?"

கணக்குப் போட்டேன்.
ஒன்பதில் இரண்டிரண்டு, பத்தாவதில் தொண்ணூறு.
சராசரி பத்தைத் தாண்டுகிறது.
பத்தைத் தாண்டினால் எங்கள் படிவத்தில் பச்சைக் கட்டம்:
போதுமானது.

படிவத்தில் எண்ணுக்கு ஒரே கட்டம்.
பொடி எழுத்தில் ஒன்பது இரண்டுகளை அடைத்தேன்.
தொண்ணூறுக்கு இடமில்லை,
ஓரத்தில் எழுதினேன், கோட்டுக்கு வெளியே,
வேலியோரம் என்று சேர்த்து.

"கட்டணம் ஒன்றுக்குத்தான் கட்டியிருக்கிறாள்"
என்றார் ஒயூகி,
கையெழுத்துப் போட்டுக்கொண்டே.