ஐந்து மெய்க்கு ஓர் உயிர்

இறந்தவர்களுக்காகக் கிண்ணம் உயர்த்திய நேரம்
நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.
குராம் எழுந்து நின்றது தெரிந்தது,
வாய் அசைந்தது தெரிந்தது,
ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு
வாழ்த்து என்று நினைத்தேன்.
எல்லாப் பற்களும் தெரிய
என் ஒயினையும் தூக்கினேன்.
மேசையின் மறுகோடியில்
சியாலாவின் முகம் இறுகியது.
மகனை அவள் புதைத்தது
போன இலையுதிர்காலத்தில்.

அடுத்த செவ்வாய்க்கிழமை
நோதார் என்னைக் குத்தாயிசிக்கு அழைத்துப்போனான்.
டாக்டர் ருசுதானுக்கு என் மகள் வயதுகூட இல்லை.
பஞ்சுச் சுவர் வைத்த பெட்டிக்குள் உட்காரவைத்து
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள்.
கேட்டது, அழுத்தினேன்.
கேட்கவில்லை, அதற்கும் அழுத்தினேன்,
பாவம், காத்திருக்கிறாளே என்று.
பாதி நேரம் நான் அழுத்தியது
மண்டைக்குள் இரவுபகலாய்க் கத்தும்
சில்வண்டுக்கு.

தாளில் அவள் போட்ட கோடு
கொஞ்சதூரம் நேராய்ப் போய்
எங்கள் சியாத்துரா ரோப்காரைப் போல
சட்டென்று பள்ளத்தாக்கில் இறங்கியது.

எதனால் என்று கேட்டேன்.
எதனால் இல்லை என்று கேட்டிருக்கலாம்.
பத்தொன்பது வருடம்
மாங்கனீசுத் தாது நொறுக்கும் ஆலை.
ரொட்டியை உருட்டிக் காதில் அடைப்போம்,
மேலாளர் வந்தால் அதையும் எடுத்துவிடுவோம்.
பிறகு நெஞ்சில் காசம்.
ஆறு மாதம், தினம் ஓர் ஊசி,
குத்த இடுப்பில் இடமில்லாமல் போனது.
மூச்சு திரும்பி வந்தது.
எதை விற்று எதை வாங்குகிறேன் என்று
யாரும் கணக்குச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும்
திரும்பிப் படுத்திருப்பேன்.

காதுக்குள் ஒரு நத்தை ஓடு,
அதற்குள் மயிரிழைகள்,
ஆலங்கட்டி விழுந்த சோளக்கொல்லையாய்ச்
சாய்ந்தவை இனி எழாது என்றாள்.
ஆலையா, ஊசியா?
தோளைக் குலுக்கினாள்.
இரண்டு ஓநாய், ஓர் ஆடு.

முதலில் போனவை கீச்சொலிகள்,
ஸ, ஷ, ச, த,
சொல்லின் எலும்புகள்.
எங்கள் மொழியிலோ எலும்புதான் அதிகம்,
ஐந்து மெய்க்கு ஓர் உயிர் என்று
முண்டியடித்து வரும் சொற்கள்.
இப்போது மெய்யெல்லாம் வழியில் விழுந்து
உயிர் மட்டும் வந்து சேர்கிறது.
ஆ என்கிறான் பேரன்.
ஓ என்கிறாள் மருமகள்.
உடம்பில்லாத பேச்சு
வீடெங்கும் நடமாடுகிறது.

பட்டாணி அளவில் ஒரு கருவி கொடுத்தார்கள்.
முதல் நாள் பிளாஸ்டிக் பையை யாரோ கசக்க
கூரை இடிகிறதென்று எழுந்து ஓடினேன்.
ஃப்ரிட்ஜ் முனகுவது கேட்டது,
வால்நட் உடைவது கேட்டது,
என் எச்சிலை நானே விழுங்குவது கேட்டது.
நோதாரை மட்டும் கேட்கவில்லை.
அவன் பேசுவதெல்லாம்
நாற்பது வருட மீசைக்குள்.
உதட்டைப் பார்த்துப் படியுங்கள் என்றாள் டாக்டர்.
அந்தப் புதருக்குள் எதைப் படிப்பது?

சியாலாவிடம் போனேன்,
நடந்ததை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு.
படித்தாள். மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தாள்.
அடுப்பைப் பார்த்தபடி, முதுகு காட்டி
என்னவோ சொன்னாள்.
சரி போகட்டும் என்றா, போய்விடு என்றா?
திரும்பச் சொல் என்று கேட்க
வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குளியலறையிலிருந்து
யாரோ ஓர் ஆள் வெளியே வந்தான்.
மேலுதடு மாவுபோல் வெளுத்திருந்தது.
இடது ஓரத்தில் ஒரு தழும்பு,
இத்தனை வருட முத்தத்திலும்
நான் அறியாதது.
ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று
மெதுவாக, ஒவ்வொரு மெய்யாய் எடுத்து வைத்து
ஒன்று சொன்னான்.
பார்த்தேன்.

உப்பை எங்கே வைத்தாய்?

அலமாரியின் மேல்தட்டைக் காட்டினேன்.