ஐம்பது

எக்கிபாஸ்துஸில் இன்று மைனஸ் முப்பத்தெட்டு.
வேகனுக்குள் கரி கட்டிதட்டி உறைந்து
கவிழ்த்தாலும் விழ மறுக்கிறது.
தைமாஸ் கடப்பாரையால் பாதியை இடிக்கிறான்,
மீதியைக் கெட்ட வார்த்தைகளால் இளக்குகிறான்.
எரியப் போகிற ஒன்றுக்கு
இவ்வளவு குளிரவும் வேண்டியிருக்கிறது.

அரைத்தால் முகத்துக்குப் பூசுகிற பவுடர்போல மென்மை.
காற்று அதை உலைக்குள் ஊதுகிறது.
அங்கே தீ என்பது கொழுந்தல்ல,
பத்து மாடி உயரத்துக்கு ஒரு வானிலை.
குழாய்களில் அந்த அழுத்தத்துக்கு
நீர் குமிழிவிட மறந்து ஆவியாகிறது.
கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது.
துடைப்பக் கட்டையை நீட்டிக்கொண்டே நடப்போம்:
கட்டை எங்கே துண்டாகிறதோ
அங்கே ஓட்டை.

நான் குல்பர்ஷின். மூன்றாம் யூனிட், இரவுப் பணி.
என் வேலை ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது.
ஐம்பது.
கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை.
மின்சாரத்தைப் பானையில் மூடிவைக்க முடியாது,
ஆக்கிய கணமே பரிமாறியாக வேண்டும்.
அப்படித்தான் உன்னை எனக்குத் தெரியும்.

ஐந்தே முக்கால்.
ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, அல்மாட்டியில்,
நீ கெட்டிலைத் தட்டுகிறாய்.
உன் எதிர்வீடும் தட்டுகிறது. தெருவே தட்டுகிறது.

நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது ஏழு.

சுழலி ஒரு மயிரிழை தயங்குகிறது,
மூட்டை தூக்குபவன் கால் மாற்றுவதுபோல.
வால்வு திறக்கிறது. தைமாஸ் இடித்த கரி
ஒரு பிடி கூடுதலாக எரிகிறது.
வாசலில் மின்மாற்றி அதை
ஐந்து லட்சம் வோல்ட்டுக்கு ஏற்றிவிடுகிறது,
வழியில் சூடாய்ச் சிந்திவிடாதிருக்க.
உறைபனி பூத்த கம்பிகள் முணுமுணுக்க
ஸ்டெப்பி முழுக்கக் கோபுரம் கோபுரமாய்ப் போய்,
உன் ஊரில் படிப்படியாய் இறங்கி,
உன் சுவரில் இரண்டு துளைகளுக்குப் பின்னால்
சாதுவாக நிற்கிறது.
நீ கோப்பையைத் தேடிக்கொண்டிருக்கிறாய்.
உனக்கு ஒன்றும் தெரியாமலிருப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

ஐம்பது.

புகைபோக்கியைப் பற்றியும் சொல்லவேண்டும்.
சொல்லாமல் போனால் பொய்.
என் மகள் பனி வரைய
சாம்பல் நிற க்ரேயானை எடுத்தாள்.
ஆசிரியை திருத்தவில்லை.
அவரும் இந்த ஊர்தான்.

எட்டு மணிக்கு மரல் வந்து
என் நாற்காலியின் சூட்டில் உட்கார்ந்தாள்.
பேருந்தில் தூங்கினேன்.
வீட்டில், கையுறையைக்கூடக் கழற்றாமல்,
கெட்டிலின் பொத்தானில் விரலை வைத்தேன்.

பார்த்துக்கொள், மரல்.
இது நான்.