ஆறு பென்னி

கிருஷ்ணகிரி ரவுண்டானா தாண்டி
டைல்ஸ் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
மதியம் ஒன்றரைக்கு இங்கிலாந்து கண் விழிக்கிறது,
என் கம்ப்யூட்டரும் அப்போதுதான்.

டி வெல்மோர் வம்சம்.
ஒரு பிரபு, அவன் தகப்பன், அவனுக்கும் தகப்பன்,
எண்ணூறு வருஷத்துக்கு ஆண்கள்.
குதிரையிலிருந்து விழுந்து செத்தவன்.
சிலுவைப் போருக்குப் போய்
வாளைப் பார்க்கும் முன்பே
வயிற்றுக்கடுப்பில் செத்தவன்.
அண்ணன் மகனைக் கோபுரத்தில் அடைத்துவிட்டுப்
பட்டத்துக்கு வந்தவன்.
ஒரே பெயரை ஏழு விதமாய் எழுதியிருக்கிறார்கள்.
எனக்கது புதிதில்லை.
ரேஷன் கார்டில் நான் முனிலச்சுமி,
ஆதாரில் முனி லட்சுமி,
பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முனியலட்சுமி.
மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

ஆறாவது தலைமுறையில் இடித்தது.
ரால்ஃபுக்குப் பிறகு ஹியூ.
ரால்ஃபின் மனைவி
பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்தாள்;
அவள் பேரில் மடத்துக்கு
மெழுகுவர்த்தி கொடுத்த கணக்கு இருக்கிறது.
ஹியூ பிறந்தது
அந்த மெழுகு உருகி மூன்று வருஷம் கழித்து.

பதினோரு நாள் தேடினேன்.
ஒரு ஜன்னலில் லத்தீன் அகராதி,
பக்கத்து ஜன்னலில் ஓரம் எலி தின்ற தோல்சுருள்.
பிரபுக்களின் ஏட்டில் அவள் இல்லை.
ஊர்க் கச்சேரியின் அபராதக் கணக்கில்,
வேலி தாண்டிய பன்றிக்கும்
தண்ணீர் கலந்த பீருக்கும் நடுவில் இருந்தாள்:

*மாவு மில்லுக்காரன் மகள் மாட்டில்டா,
தாலியில்லாமல் பெற்றதற்கு
ஆறு பென்னி.
கட்டிவிட்டாள்.*

லத்தீனில் தாலி இல்லை. அது நான் போட்டது.
கட்டிவிட்டாள் என்பது இருக்கிறது.
எத்தனை கோழி விற்றாளோ,
யாரிடம் கைமாற்று வாங்கினாளோ.
பிள்ளையை மட்டும் எடுத்துப் போய்
செத்தவள் கணக்கில் ஏற்றிக்கொண்டார்கள்.

வாடிக்கையாளர் எழுதினார், மிக மரியாதையாக:
இந்தப் பெண் வேண்டாம்,
அந்த வட்டாரத்தில் பிரபு மகள் யாராவது
இருக்கிறாளா பாருங்களேன்.
தாய்க் கட்டத்தைக் காலியாக விட
மென்பொருள் சம்மதிக்காது.
டீம் லீடர் ஜெகதீசன் நாற்காலியைச் சுழற்றி
"கேட்டதைப் போட்டு அனுப்பு முனி,
உங்க சித்தி வீட்டுக் கல்யாணமா இது?" என்றான்.

எனக்குச் சந்தூர்.
கூழ் ஃபேக்டரி துப்பிய மாங்கொட்டையை
டிராக்டர் லோடாக வாங்குகிற ஊர்.
எந்தத் தோப்பு, எந்த மரமென்று
யாரும் கேட்பதில்லை; லோடு எவ்வளவு, அவ்வளவுதான்.
முளைத்துப் பென்சில் தடிமன் வந்ததும்
தலையைச் சீவிவிட்டுச்
செந்தூராக் குச்சியைச் செருகி
பிளாஸ்டிக் நாடா சுற்றுவோம்.
பையில் தொங்கும் அட்டையில்: செந்தூரா.
தண்ணீர் தேடிக் கீழே போகிறதே
அதற்கு அட்டை கிடையாது.
ஒட்டுக்குக் கீழே சில சமயம்
அது தன் பாட்டுக்கு ஒரு துளிர் விடும்.
கண்ட இடத்தில் கிள்ளு என்பார் அப்பா.
ஏழு வயதிலிருந்து கிள்ளியிருக்கிறேன்.
நகக்கண்ணில் பால் கறுத்து
பள்ளிக்கூடத்தில் கையை மடக்கியே வைத்திருப்பேன்.

மணி ஒன்பதரை.
கீழே டைல்ஸ் கடை ஷட்டர் இறங்குகிறது.
மாட்டில்டாவின் கட்டத்தின் மேல்
அம்புக்குறி நிற்கிறது,
நீக்கவா என்று கேட்டபடி.

இல்லை.

சான்று என்ற இடத்தில் தட்டினேன்:
அபராதம் ஆறு பென்னி, செலுத்தப்பட்டது.
தயாரித்தவர் என்ற இடத்தில்
மூன்று முனிலட்சுமிகளில்
ஆதார்க்காரியைப் போட்டேன்.
அனுப்பியாகிவிட்டது.

ஸ்கூட்டியை எடுக்கும்போது
சாலையில் கொட்டை லோடு ஒன்று
சாறு ஒழுக ஒழுகப் போனது.
ஜெகதீசன் நாளைக்குக் குதிப்பான்.
ஐநூறு பிடிப்பார்கள், ஆயிரமும் பிடிக்கலாம்.

கட்டிவிடலாம்.